டோல்கேட் தாண்டி

கட்டுமான இடத்தில் அவரை எல்லோரும் 'மேலாளர்' என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் டவர் கிரேன் ஏணியில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குக்கூட இறங்காமல் எப்போதும் மேலேயே இருக்கிற ஆள் என்பதால் வந்த பெயர் அது. நிஜமான மேலாளர் ஒருவர் கீழே தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்தக் கிண்டல் துளியும் பிடிக்காது.

மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி, ஒரு வயர்லெஸ். கம்பிக்கட்டு, சிமென்ட் வாளி, ஜன்னல் சட்டம் என்று ஊரார் சாமானையெல்லாம் அங்கிருந்து இங்கே தூக்கி வைத்துக்கொண்டே இருப்பார். தான் மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு இம்மி நகர மாட்டார். கூண்டிலிருந்து பார்த்தால் நகரத்தைச் சுற்றிப் போகிற சாலை முழுசாகத் தெரியும். அதிலிருந்து ஒரு நெடுஞ்சாலை பிரிந்து, டோல்கேட்டைத் தாண்டி, வெள்ளைக் கோடு மாதிரி மலையைப் பார்த்துப் போகும். நாள் முழுக்க அதைப் பார்த்துப் பார்த்து அவருக்குள் ஒரு அரிப்பு வந்திருந்தது. கால் ஆடிக்கொண்டே இருக்கும். வயர்லெஸ்ஸில் கீழேயிருந்து "இறக்கலாம்" என்று சொல்வதற்குள் இரண்டு தடவை பெருமூச்சு விட்டுவிடுவார்.

மகள் மேல்படிப்புக்கு வேறு ஊர் போன வருஷம் அவர் மோட்டார் சைக்கிள் வாங்கினார். சும்மா வண்டி இல்லை. ஆயிரத்து முந்நூறு சி.சி., நாலு சிலிண்டர், காற்றைத் தடுக்க முன்னால் பெரிய கண்ணாடி, துணிமணி வைக்க இரண்டு பக்கமும் பெட்டி. கண்டம் விட்டுக் கண்டம் போகிறவர்கள் வாங்குகிற வண்டி என்று ஷோரூம்காரர் சொன்னார். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே அதைக் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கு வேடிக்கை பார்க்காதவர்கள் பாக்கியில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி: "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?"

அவருடைய மனைவி மட்டும் அதைக் கேட்கவில்லை. அந்த அம்மா ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியன். ஒரு சொட்டை வைத்துக்கொண்டு ஆள் எந்த வகை என்று சொல்லிவிடுகிற வேலை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள்.

"என்னைக் கேக்காம வாங்கினீங்கள்ல? என்னைக் கேக்காமயே ஓட்டுங்க. நான் இதுல ஏற மாட்டேன்."

ஒவ்வொரு வார லீவுக்கும் விடிந்ததும் கிளம்பிவிடுவார். பூட்ஸ், கையுறை, முழங்கையிலும் முதுகிலும் அட்டை வைத்த ஜாக்கெட். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு, உடம்பெல்லாம் தூசியோடு திரும்பி வருவார். மனைவியின் தம்பி முடிதிருத்தகம் வைத்திருந்தான். அங்கே கத்தரிக்கோலை விட அவன் வாய்தான் அதிகம் வேலை செய்யும். "எங்க மாமா காலையில மலையேறிட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடுவாரு. அந்த வண்டி ஓடாது, பறக்கும்" என்று தலை குனிந்து உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி, பேட்டை முழுக்க அது பரவிவிட்டது. அவர் மலைக்குப் போனேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. போகவில்லை என்றும் சொன்னதில்லை.

நடந்தது என்னவென்றால், டோல்கேட்டைத் தாண்டியதும் ஒரு டீக்கடை வரும். அதுவரை வண்டி வெண்ணெய் மாதிரிப் போகும். கடையில் ஒரு டீ குடிப்பார். அதற்கப்புறம் ஒவ்வொரு நினைப்பாகக் கிளம்பும். கேஸை மூடினோமா? அவள் தலைவலி என்றாளே, மாத்திரை போட்டாளா? மகள் ஏதாவது போன் பண்ணி எடுக்காமல் விட்டோமா? வண்டியைக் கண்டு பயமெல்லாம் கிடையாது. மழையில் ஓட்டியிருக்கிறார், எதிர்க்காற்றில் ஓட்டியிருக்கிறார். ஆனால் டீக்கடைக்கு அந்தப் பக்கம் சாலை நீளமாகக் கிடப்பதைப் பார்த்தால் பிடறியில் யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இருக்கும். திரும்பிவிடுவார். நேரே வீட்டுக்குப் போனால் மானம் போய்விடும் என்று சுற்றுச்சாலையிலேயே வட்டம் அடித்துக் கொண்டிருந்துவிட்டு, மத்தியானமாய்ப் பார்த்து வீடு வந்து சேருவார். வந்து ஹெல்மெட்டைக் கழற்றிய மறு நிமிஷமே, இன்னும் கொஞ்சம் போயிருக்கலாமே என்று கால் பரபரக்கத் தொடங்கும்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அந்த வாரம் கட்டிடம் கிரேனின் உயரத்தை எட்டிவிட்டதால், கம்பெனி ஆட்கள் வந்து கிரேனை இன்னும் உயர்த்த வேண்டியிருந்தது. அவருக்குச் சில நாள் வேலையில்லை. மனைவிக்கும் அதிசயமாக ஒரே நேரத்தில் லீவு விழுந்தது. சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"நாளைக்கு நானும் வர்றேன்."

"எங்கேம்மா?"

"நீங்க போற எடத்துக்குத்தான். அந்த மலைக்கு."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீதான் ஏறவே மாட்டேன்னியே?"

"அன்னிக்குச் சொன்னேன். தம்பி கடைக்குப் பையனக் கூட்டிட்டு வந்த ஒரு அம்மா கேக்குறாங்க, மலையில அருவி எப்படி இருக்கும்னு. எனக்குப் பதில் தெரியல. வெக்கமா போச்சு."

மலை ரொம்பக் குளிரும் என்றார். ஸ்வெட்டர் இருக்கிறது என்றாள். பின்சீட்டில் இடுப்பு வலிக்கும் என்றார். என் இடுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார்.

வண்டியோடு வந்த இரண்டாவது ஹெல்மெட் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. இரண்டிலும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மைக்கும் ஸ்பீக்கரும் உண்டு. கிளம்பியதும் அவளுடைய மூச்சு அவர் காதுக்குள் கேட்டது. "மெதுவா வளைங்க", "அந்த லாரிய விடுங்க", "ஐயோ, இது என்ன இப்படி இழுக்குது" என்று ஒவ்வொன்றாக வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு பக்கத்திலிருந்து அவள் பேசியதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

டோல்கேட் தாண்டியதும் டீக்கடையைப் பார்க்காதவர்போல வேகத்தைக் கூட்டினார்.

"ஏங்க, டீ குடிக்கலாமே" என்றது காது.

"மேல போய்க் குடிக்கலாம்."

"எனக்கு இப்ப வேணும்."

நிறுத்தினார். கடைக்காரர் வண்டியைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக வந்தார். "வாங்க சார்! இன்னைக்குத் துணையோடவா? சர்க்கரை கம்மியா ஒண்ணு, தெரியும். குடிச்சிட்டு வழக்கம்போலத் திரும்பித்தானே? அப்ப வண்டிய அந்தப் பக்கமாவே நிறுத்துங்க, சுலபமா இருக்கும்."

அவர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அவரைப் பார்த்தாள், கடைக்காரரைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். பிறகு ஒரு வாய் குடித்துவிட்டு, "டீ நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அவள் திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பாட்டுக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பின்சீட்டில் ஏறி, "போலாம்" என்றாள். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. சொல்லாததனாலேயே அவர் மலைப்பக்கம் போக வேண்டியதாயிற்று.

அந்தச் சாலை அவருக்குப் புதுசு. வழிகாட்டிப் பலகை ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். அடிவாரத்தில் ஒரு மரக்கடை, ஒரு டயர் கடை, அதன் பிறகு வளைவுகள். வண்டி என்னவோ இதற்காகவே பிறந்தது போலப் போனது. கைப்பிடியைக் கால்வாசி முறுக்கினாலே போதும், மேட்டில் ஒரு முனகலும் இல்லாமல் ஏறும். அவருடைய உடம்புதான் வண்டியோடு ஒட்டவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பிடறிக் கயிறு இறுகியது. கேஸ். கதவு. மகள். இன்றைக்கு மனைவியே பின்னால்தான் இருக்கிறாள், இருந்தும் விடவில்லை.

"மேகம் கட்டுது. திரும்பிடலாமா?" என்றார்.

பின்னால் அவள் கழுத்தை நீட்டிப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அகலமான ஒரு வளைவு வந்தது. பள்ளத்தாக்கைப் பார்க்க வருகிறவர்கள் வண்டி நிறுத்துகிற இடம், ஓரமெல்லாம் ஜல்லி. அவர் வேகத்தைக் குறைத்துக் கைப்பிடியை முழுசாக ஒடித்தார். திரும்பிக்கொண்டிருக்கும்போதே ஜல்லியில் முன்சக்கரம் தயங்கியது. காலை ஊன்றினார். ஊன்ற வேண்டிய இடத்தில் தரை இல்லை; சரிவு, ஒரு சாண் கீழே இருந்தது. முந்நூறு கிலோ. பாதி சாய்கிறவரை பிடித்து நிறுத்தலாம். பாதியைத் தாண்டிவிட்டால் யார் வந்தாலும் பிடிக்க முடியாது. மெதுவாக, அவசரமே இல்லாமல், யானை படுக்கிற மாதிரி வண்டி படுத்தது. பெட்டியும் இரும்புக் கம்பியும் தாங்கிக்கொண்டதால் இரண்டு பேர் கால்களும் தப்பின. மனைவி ஜல்லியில் சறுக்கி உட்கார்ந்தாள்.

"அடிபட்டுச்சா? எங்கயாவது வலிக்குதா?" என்று அவர் கத்தினார்.

"காதுக்குள்ள கத்தாதீங்க. எனக்கு ஒண்ணுமில்ல."

வண்டியை அணைத்துவிட்டுத் தூக்கப் போனார். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கை கைப்பிடியில், ஒரு கை பின்கம்பியில், காலை உந்தி எழ வேண்டும் என்று வீடியோவில் பார்த்திருக்கிறார். உந்தினார். முகம் சிவந்ததுதான் மிச்சம். மறுபடி உந்தினார். மனைவி வந்து பக்கத்தில் அதே மாதிரி குந்தினாள்.

"நீ விடும்மா, நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க. சொல்லுங்க, ஒண்ணா உந்தலாம்."

பாதி எழுந்து மறுபடி படுத்தது. இதற்குள் மேலிருந்து இறங்கிய லாரி ஒன்று நின்று, டிரைவர் குதித்து ஓடிவந்தார். மூன்று பேரும் சேர்ந்ததும் வண்டி எழுந்து நின்றது. டிரைவர் கையைத் தட்டிக்கொண்டு வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது சார்?"

"ஓட்டுறவர் மனசு நிலையா இருந்தா பதினெட்டு" என்றாள் மனைவி.

டிரைவருக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டுப் போனார்.

இருவரும் ஓரத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்கள். கீழே பள்ளத்தாக்கில் பனி நகர்ந்துகொண்டிருந்தது. அவர் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"ரெண்டு வருஷமா டீ குடிக்கவா வந்தீங்க?" என்றாள்.

"திட்டறதுன்னா திட்டிடு."

"திட்டல. கேக்கறேன்."

அவர் கையுறையை மடியில் வைத்தார். "வீட்ல உக்காந்தா எப்படா கெளம்பலாம்னு இருக்கு. கெளம்பிட்டா, கேஸ மூடினோமா, வீடு என்ன ஆச்சோன்னு இருக்கு."

"வீட்டுக்கு என்னங்க ஆகும்? நான் என்ன பச்சக் குழந்தையா?"

"உன்னால இல்ல. என்னன்னு எனக்கே தெரியல. மேல கூண்டுல இருக்கும்போது ரோட்டப் பாத்தா ஏக்கமா இருக்கு. ரோட்டுல இருக்கும்போது... சொல்லத் தெரியலம்மா."

"நான் ஒண்ணு சொல்லவா? பின்னால உக்காந்தா உங்க கண்ணு சைடு கண்ணாடியில தெரியுது. முன்னால ஒரு தடவ பாத்தா பின்னால மூணு தடவ பாக்குறீங்க. பின்னால நான்தான் உக்காந்திருக்கேன். இன்னும் யாரத் தேடுறீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவளும் சிரித்தாள். பிறகு எழுந்து பேன்ட்டில் ஒட்டிய ஜல்லித் தூளைத் தட்டிவிட்டு, "அருவி எங்க இருக்குன்னு யாரையாவது கேளுங்க" என்றாள்.

அருவியைப் பார்த்தார்கள். சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பாறையில் நாலு விரல் அகலத்துக்குத் தண்ணீர் வழிந்தது. "இதுக்கா அந்தம்மா அப்படிக் கேட்டாங்க?" என்றாள் மனைவி. மலையூரில் ஒரு லாட்ஜில் தங்கினார்கள். ஈரக் கையுறைகளை நாற்காலி முதுகில் காயப்போட்டுவிட்டு, அவர் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். கீழே வண்டி நிற்கிறதா என்று பார்ப்பார், நிற்கும். மறுபடி பார்ப்பார். அவள் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

காலையில் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்: "நான் பஸ்ல போறேங்க."

"பயந்துட்டியா?"

"பயமெல்லாம் இல்ல. இடுப்பு விட்டுப்போச்சு. அதுவுமில்லாம, உங்க முதுகையே பாத்துக்கிட்டு எவ்வளவு தூரம்தான் வர்றது? நாளைக்கு எனக்கு டியூட்டி. உங்களுக்கு லீவு இருக்கு. அந்தப் பக்கமா இறங்கினா கடல் வருமாம், லாட்ஜ்காரர் சொன்னாரு. போய்ட்டு வாங்க."

"தனியாவா?"

"இத்தன நாளு யார் கூடப் போனீங்க?"

பஸ் நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டார். தண்ணீர் பாட்டில், ஆரஞ்சுப் பழம், ஜன்னல் சீட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று படியில் ஏறி ஏறிப் பார்த்தார். கண்டக்டர் விசிலடித்துத்தான் இறக்கிவிட வேண்டியிருந்தது. பஸ் கிளம்பியது. அவர் வண்டியை எடுத்தார். கடலுக்குப் போகிற சாலை ஒரு பக்கம், பஸ் போன சாலை மறுபக்கம். வண்டி பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனது. தானாகப் போனது என்றுதான் அவர் பிறகு சொன்னார்.

நாலைந்து வளைவு தாண்டியிருக்கும், ஹெல்மெட்டுக்குள் போன் அடித்தது.

"ஏங்க, பஸ்ஸுக்குப் பின்னால ஒரு பெரிய வண்டி வருதே, அது யாரோடது?"

அவர் வேகத்தைக் குறைத்தார்.

"கண்டக்டர் கேக்குறாரு, போலீஸான்னு. என்ன சொல்ல?"

"அடிவாரம் வரைக்கும் வந்துட்டு..."

"திரும்புங்க. அது ஒண்ணுதான் உங்களுக்கு நல்லா வருமே."

போன் அணைந்தது. பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒரு கை தெரிந்தது; டாட்டா காட்டியதா, விரட்டியதா என்று சொல்ல முடியவில்லை. அவர் சமமான ஒரு இடமாகப் பார்த்து நிறுத்தினார். தரையைக் காலால் தடவிப் பார்த்தார். ஓட்டாமல், அங்குலம் அங்குலமாகத் தள்ளியே திருப்பினார். வியர்த்துவிட்டது. வண்டியின் முகம் இப்போது மேலே பார்த்து நின்றது.

முதல் ஒரு மணி நேரம் நரகம். மூன்று இடத்தில் நிறுத்தினார். நிறுத்திய இடத்தில் எல்லாம் கண்ணாடியைத் துடைத்தார், டயரை உதைத்துப் பார்த்தார், பெட்டிகளின் பூட்டை இழுத்துப் பார்த்தார். ஒரு தடவை நிஜமாகவே வந்த வழியில் திரும்பிக் கொஞ்ச தூரம் போய், கடலுக்கு வழி கேட்டிருந்த கடை வாசலை மறுபடி கடக்க வெட்கப்பட்டு, மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார். அந்த வெட்கம் மட்டும் இல்லையென்றால் வீட்டுக்கே போயிருப்பார்.

மலை இறங்கியதும் சாலை நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. இரண்டு பக்கமும் வெட்டவெளி. ஆள் இல்லை, மாடு இல்லை. கைப்பிடியை முறுக்கினார். இரண்டு வருஷமாக அவர் கேட்டிராத ஒரு சத்தம் வண்டியின் அடிவயிற்றிலிருந்து வந்தது. தோளைப் பின்னுக்கு இழுத்தது. மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அந்த வேகத்தில் பக்கக் கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை. பார்த்தால் முன்னால் இருப்பது தவறிவிடும். கேஸ், கதவு, மகள் எதுவும் நினைவில்லை. எவ்வளவு நேரம் அப்படிப் போனார் என்று தெரியாது. தூரத்தில் ஒரு டிராக்டர் புள்ளியாகத் தெரிந்தது, மறு கணம் பெரிசாகிவிட்டது. பிரேக்கை மிதித்து, வண்டி குலுங்கி வேகம் குறைந்தபோது நெஞ்சு தடதடவென்று அடித்தது. "அடப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டார். அதற்கப்புறம் ஒழுங்கு மரியாதையாக ஓட்டினார். ஆனால் வாயோரம் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது.

வெயில் தாழ்கிற நேரத்தில் துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்தார். கிடங்குகளுக்கு இடையில் ஒரு சந்து, அதன் முடிவில் கடல். மணலில் வண்டி இறங்காது என்பதால் சாலையோரத்திலேயே நிறுத்திவிட்டு நின்றபடி பார்த்தார். அலை வந்தது, போனது. கொஞ்ச நேரத்திலேயே, சரி, அடுத்து என்ன என்று கால் பரபரத்தது. அவருக்கே தன்மேல் எரிச்சல் வந்தது. மனைவிக்குப் போன் போட்டார்.

"வந்து சேந்துட்டியா?"

"குளிச்சிட்டுப் படுத்திருக்கேன். கேஸ் மூடித்தான் இருந்துச்சு. நீங்க எங்க?"

"கடல்."

"நிஜமாவா?" என்று கேட்டாள். அலைச் சத்தம் கேட்கட்டும் என்று போனை நீட்டிப் பிடித்தார். "எப்படி இருக்கு?"

"பெருசா இருக்கு. ஆனா எனக்கு நிக்க முடியல. கரையோரமா ஒரு ரோடு போகுது..."

"அப்ப போங்க. யாரு கையப் பிடிச்சா?"

போனார். மறுநாளும், அதற்கு அடுத்த நாளும் போனார். கிரேன் தயாராகிவிட்டது என்று தகவல் வந்த பிறகுதான் திரும்பினார். மூக்குத் தோல் உரிந்திருந்தது. இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் டிராக்டர், திரும்பிப் போகப் பார்த்தது, ஒரு பாலத்தில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது எல்லாவற்றையும் கொட்டினார். மச்சினனுக்கு இந்தக் கதை பிடிக்கவே இல்லை. "நான் சொல்றதே இதவிட நல்லா இருக்கு மாமா" என்றான்.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. இரண்டு பேருக்கும் லீவு ஒத்துவருகிற நாட்களில் அவள் பஸ்ஸில் போவாள், அவர் வண்டியில் போவார். ஏதாவது ஒரு ஊரில் சந்தித்துக்கொள்வார்கள். ஆயிரத்து முந்நூறு சி.சி. வண்டியைப் பெரும்பாலும் பஸ் முந்திவிடும். அவர் வழியில் நிற்காத இடம் கிடையாது; இரண்டொரு தடவை பாதி வழியில் திரும்பிவிட்டு, மறுபடி வந்ததும் உண்டு.

போன தடவை அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் பஸ் நிலைய பெஞ்சில் பழம் உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கொடுத்த சுளைகளைத் தின்றார். கொஞ்ச நேரத்தில் வலது கால் ஆட ஆரம்பித்தது. வண்டியைப் பார்த்தார், பஸ்களைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார்.

"ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு அணை இருக்காம்" என்றார், யாருக்கோ சொல்வது போல.

"போய்ப் பாத்துட்டு வாங்க. நான் ரூமுக்குப் போய்ப் படுக்கறேன்" என்றாள்.

அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.